டீயின் ஆவி போன வழி

நாற்பத்தொரு வீடும் ஒரு சின்னக் கோயிலும் ஒரு டீக்கடையும் கொண்ட எங்கள் சங்குகுளியார் தெருவில், கிறிஸ்துமஸுக்கு நான்கு ஞாயிறு முன்னாலேயே வீட்டுக்கு வீடு டீ மசாலா இடிக்க ஆரம்பித்துவிடுவோம். அன்று உரல் சத்தம் கேட்காத வீட்டில் அந்த வருஷம் சாவு விழுந்திருக்கிறது என்று அர்த்தம். சுக்கு, ஏலம், பட்டை, கிராம்பு, நல்லமிளகு என்று சரக்கு எல்லா வீட்டிலும் ஒன்றுதான், ஆனால் அளவு வீட்டுக்கு வீடு மாறும், அந்த அளவை யாரும் எழுதி வைத்ததில்லை, கேட்டாலும் சொல்வதில்லை, சொன்னாலும் ஒன்றைக் குறைத்துத்தான் சொல்வோம். கண்ணைக் கட்டிவிட்டு மூக்குக்கு நேரே ஒரு டம்ளரைக் காட்டினால் இது எத்தனையாம் நம்பர் வீட்டு டீ என்று சொல்லிவிடக்கூடியவர்கள் தூத்துக்குடியிலேயே எங்கள் தெருவில்தான் இருக்கிறார்கள், அதில் நானும் ஒருத்தி என்பதை அடக்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன். சீனி விருந்தாளிக்கு, எங்களுக்குக் கருப்பட்டி. அந்தக் கருப்பட்டியைக் கொதிக்கிற பாலில் போட்டால் பால் திரிந்துவிடும், அடுப்பைவிட்டு இறக்கி, கொதி அடங்கின பிறகுதான் போட வேண்டும், இதை யாரும் யாருக்கும் கற்றுக்கொடுத்ததில்லை, நடக்கத் தெரிகிற வயதில் எங்கள் பிள்ளைகளுக்கு இதுவும் தெரிந்துவிடும்.

இருபத்தேழாம் நம்பர் வீட்டில் இரண்டு வருஷமாக உரல் சத்தம் இல்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற லெயோனின் பெண்டாட்டி மெர்சலின் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்த வருஷமும் இல்லை, அடுத்த வருஷமும் இல்லை. மூன்றாம் வருஷம் ஈஸ்டர் கழிந்ததும் லெயோன் டெல்பினைக் கட்டிக்கொண்டு வந்தான். அவளுக்குப் பூர்வீகம் இந்தப் பக்கம்தான் என்றாலும் பிறந்து வளர்ந்ததெல்லாம் பம்பாய், முப்பத்தாறு வயதுவரை அங்கேதான் ஒரு தையல் கம்பெனியில் வேலை பார்த்தாள், இங்கே வந்து இறங்கும்போது கையில் ஒரு பெட்டியும் ஒரு தையல் மிஷினும் இருந்தன, முகத்தில் எல்லோரிடமும் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுவிட்டது போன்ற ஒரு சிரிப்பு இருந்தது.

லெயோனுக்கும் மெர்சலினுக்கும் பிறந்த ஒரே பிள்ளை ரென்சிக்குப் பதினோரு வயது. அவள் டெல்பினை எதிர்த்துப் பேசியதில்லை, முகம் சுளித்ததில்லை, போட்ட சாப்பாட்டை மிச்சம் வைத்ததில்லை, ஆனால் எட்டு மாசமாக அவளை எதுவாகவும் கூப்பிட்டதும் இல்லை. "சித்தின்னு கூப்புடுட்டி" என்று லெயோனின் அக்கா இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். பிள்ளை தலையை ஆட்டிவிட்டு, அப்பாவிடம் போய், "சாப்புட வரச் சொல்லுதாங்க" என்று சொல்லும், யார் சொல்கிறார்கள் என்பதை மட்டும் விட்டுவிடும். நல்ல பிள்ளைகள் தருகிற இந்தத் தண்டனைக்கு மருந்து கிடையாது.

அந்த முதல் ஞாயிறு டெல்பின் மசாலா இடித்தாள். இருபத்தேழிலிருந்து உரல் சத்தம் வந்ததும் நாங்கள் எல்லோரும் எங்கள் உலக்கையை ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டுக் கேட்டோம், சிலர் சிலுவை போட்டுக்கொண்டோம். சாயங்காலம் அவள் புது மசாலாவில் முதல் டீ போட்டாள். பம்பாய்க்காரி, மசாலா டீ அவளுக்குப் புதிதா என்ன, ஆனால் அங்கே எல்லாம் சீனிதான், பாலோடு சேர்த்துக் கொதிக்கக் கொதிக்கப் போடுவார்கள், அந்தக் கைப்பழக்கத்தில் அவள் தட்டி வைத்திருந்த கருப்பட்டியை எடுத்துத் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்த பாலில் போட்டுவிட்டாள். அடுக்களை வாசலில் ரென்சி உட்கார்ந்திருந்தாள். கருப்பட்டி அந்தக் கையில் இருந்ததையும், கை சட்டிக்கு மேலே போனதையும், ஒரு வார்த்தை சொல்ல நேரம் இருந்ததையும் அவள் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள், சொல்லவில்லை. பால் திட்டுத்திட்டாகத் திரிந்தது. லெயோன் அதையும் ஒரு டம்ளர் வாங்கி மடக்கென்று குடித்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். மீதியைப் புழக்கடையில் முருங்கைக்கு ஊற்றிவிட்டு டெல்பின் அந்தச் சட்டியை ரொம்ப நேரம் தேய்த்தாள்.

மறுநாள் திங்கட்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, முதன்முதலில் இஞ்ஞாசி அக்கா வீட்டில்தான் அது நடந்தது. அக்கா டீயைக் கொதிக்கவிட்டு மூடியைத் திறந்தாள், எழும்பின ஆவி மேலே போகாமல் விரல் தடிமனுக்கு ஒன்றாகத் திரண்டு, வளைந்து, ஜன்னல் வழியாக வெளியே போய், மாடிப்படியில் ஏறி, மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மருமகளின் மூக்குக்கு முன்னால் போய் நின்றது. இந்த மருமகளைத் தன் கண்ணில் காட்டக் கூடாது என்று ஏழு வருஷமாகத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் எங்கள் இஞ்ஞாசி அக்கா. மருமகள் அந்த ஆவியை ஒரு தரம் மோந்து பார்த்தாள், "மாமி டீ போட்டுட்டாங்க போல" என்று சொல்லிக்கொண்டாள், கையிலிருந்த கிளிப்பை மாட்டிவிட்டு இறங்கி வந்து டம்ளரை நீட்டினாள். அக்காவும் ஊற்றினாள். வாரம் முடிவதற்குள் நாற்பது வீட்டிலும் இப்படியே ஆகிவிட்டது, டீ போட்டவள் மனசில் யாரை வைத்துப் போட்டாளோ அவரைத் தேடிக்கொண்டு ஆவி போக ஆரம்பித்தது, ஒன்றிரண்டு நாளிலேயே நாங்கள் அதற்குப் பழகியும்விட்டோம்.

பழகாமல் என்ன செய்வது? நாலு மணி ஆனால் தெருவில் குறுக்கும் நெடுக்குமாக ஆவி ஓடும், சைக்கிளில் வருகிறவர்கள் குனிந்துகொள்வார்கள், ஆட்டோக்காரர்கள் இரண்டு ஆவி கடந்து போகிறவரை நின்று வழிவிடுவார்கள், பிள்ளைகள் கையை விட்டுப் பார்த்துவிட்டு இது ஏலம் தூக்கல், பத்தொன்பதாம் நம்பர் என்று கத்துவார்கள். மூன்று மகன்களைப் பெற்றவள் டீ போட்டால் ஆவி மூன்றாகப் பிரிந்து போனது, அதில் நடுவிலான் மகனுக்குப் போனது மெலிசு என்று ஒரு வீட்டில் பெரிய ரகளை நடந்தது, நூலை வைத்து அளந்துகூடப் பார்த்தார்கள். சாயங்காலம் கிளப்பில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்த ஆண்கள், எதற்கு வம்பு என்று நாலு மணிக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்து, அடுப்புக்கு நேர் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். பர்னபாஸும் அவன் தம்பியும் சொத்துச் சண்டையில் நடுவே ஒரு மதில் எழுப்பி மேலே கண்ணாடிச் சில்லெல்லாம் பதித்திருந்தார்கள், இந்த வீட்டு ஆவி அங்கேயும் அந்த வீட்டு ஆவி இங்கேயும் அந்தச் சில்லுகளுக்கு மேலே ஏறி இறங்குவதைப் பார்க்கச் சகிக்காமல், அண்ணன்காரன் ஒரு நாள் கடப்பாரையை எடுத்து இரண்டு செங்கல்லைப் பெயர்த்துவிட்டான், ஆவி போகத்தான் என்று சொன்னான். டீக்கடைச் சேசடிமையின் பாய்லர் ஆவி மட்டும் நேரே கூரைக்குப் போனது, ஊருக்கே டீ போட்டும் தனக்கு ஒரு ஆள் இல்லையே என்று மனுஷன் வாடிப்போயிருந்தார், ஒரு மத்தியானம் கூட்டமில்லாத நேரத்தில் தனக்கென்று ஒரு டம்ளர் போட்டார், ஆவி அவரையே இரண்டு சுற்றுச் சுற்றித் தோளில் இறங்கியது, அதன் பிறகு அவர் மத்தியானத்தில் கடையைச் சாத்திவிட்டுத் தனக்கு டீ போட்டுக்கொள்ள ஆரம்பித்தார்.

ஏன் இப்படி ஆகிறது என்று கேட்டவர் ஒரே ஒருத்தர், ரிட்டையர்டு சயின்ஸ் வாத்தியார். தெர்மாமீட்டரும் நோட்டுமாக நாலு நாள் அலைந்தார். அஞ்சாம் நாள் அவர் கடலோரப் படகுத்துறையில் நின்று காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று குறித்துக்கொண்டிருந்தபோது, வீட்டில் அவருடைய பெண்டாட்டி போட்ட டீயின் ஆவி காற்றுக்கு எதிரே ஒன்றரை மைல் வந்து அவர் மூக்குக் கண்ணாடியில் படிந்தது. வாத்தியார் கண்ணாடியைத் துடைக்காமலே வீட்டுக்கு வந்தார், நோட்டை அடுத்த நாள் பழைய பேப்பர்க்காரனிடம் போட்டுவிட்டார். பங்குச்சாமியார் பூசையில் பிரசங்கத்தைச் சுருக்கிக்கொண்டு, எந்த வீட்டு ஆவியையும் யாரும் தன் வாசலைத் தாண்டிப் பின்தொடர்ந்து போகக் கூடாது, அது ஒருத்தர் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லுகிற பாவசங்கீர்த்தனத்தை ஒட்டுக்கேட்பதற்குச் சமம் என்று அறிவித்தார். நாங்களும் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டோம். அவரவர் வாசலில் நின்றுகொண்டு எவ்வளவு தூரம் தெரிகிறதோ அவ்வளவு தூரம் மட்டும் பார்த்தோம்.

இருபத்தேழாம் நம்பரில் மட்டும் டீ போடவில்லை. திரிந்துபோன அந்த ஞாயிறுக்குப் பிறகு டெல்பின் காபித்தூள் பாக்கெட் வாங்கி வைத்துக்கொண்டாள். அவளுக்கு என்ன பயம் என்று எங்களுக்குத் தெரியாமல் இல்லை. டீ போட்டு, அந்த ஆவி பிள்ளையிடம் போகாவிட்டால்? மூடியைத் திறக்கிறவரை தன் மனசில் என்ன இருக்கிறது என்று யாருக்குத்தான் நிச்சயமாகத் தெரியும்? நான் அவளுக்கு அடுத்த வீடு. ஒரு நாள் மதில் மேல் கறிவேப்பிலை கொடுக்கும்போது, ரென்சி நாலு மணி ஆனால் அடுக்களை வாசலில் வந்து உட்கார்ந்துவிடுகிறாள், ஒன்றும் கேட்பதில்லை, காபியைக் கொடுத்தால் குடித்துவிட்டு எழுந்து போகிறாள் என்று டெல்பின் சொன்னாள். பிள்ளையும் அதைத்தான் பார்க்கக் காத்திருக்கிறது என்று அவளுக்குப் புரிந்திருந்தது. ஆவி தன்னிடம் வந்துவிடுமோ என்று ரென்சிக்குப் பயமா, வராமல் போய்விடுமோ என்று பயமா, அது அந்தப் பிள்ளைக்கே தெரிந்திருக்காது.

ஆனால் எங்கள் தெருவில் டீக்குத் தப்ப முடியாது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஒன்பது நாளும் சாயங்காலம் கோயில் முற்றத்தில் பிள்ளைகள் பாட்டு ஒத்திகை பார்ப்பார்கள், ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டிலிருந்து அண்டா நிறைய டீ வர வேண்டும், எந்த வீடு என்று சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். இருபத்திரண்டாம் தேதிக்கு இருபத்தேழாம் நம்பர் விழுந்தது. சேசடிமை கடையில் சொல்லிவிடலாம் என்று லெயோன் சொன்னான். டெல்பின் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, வேண்டாம், நானே போடுகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

அன்று நாலு மணிக்கு எல்லோருக்கும் வாசலில் ஏதோ ஒரு வேலை வந்துவிட்டது. நான் பெருக்கின வாசலையே மறுபடி பெருக்கினேன், நடுநடுவே உள்ளேயும் ஓடினேன். டெல்பின் அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்ததை என் அடுக்களை ஜன்னலிலிருந்து பார்த்தேன், அது மெர்சலின் கடைசியாக இடித்து வைத்த மசாலா, கால் பாட்டில் மிச்சம் இருந்தது, மூன்று வருஷமாக அதை யாரும் தொட்டதில்லை. வாசலில் உட்கார்ந்திருந்த ரென்சியின் முதுகு நிமிர்ந்தது. டெல்பின் மூடியைத் திறந்து கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் மோந்து பார்த்தாள், தன்னுடைய மசாலாவை மோந்தாள், மறுபடி இதை மோந்தாள், நல்லமிளகை இன்னும் கொஞ்சம் தட்டித் தன்னுடையதில் சேர்த்தாள், பழைய பாட்டிலிலிருந்து ஒரு சிட்டிகைகூட எடுக்காமல் திரும்ப இறுக்க மூடி வைத்தாள். பிறகு பயந்துபோய், கருப்பட்டி வேண்டாமென்று சீனியைப் போட்டாள். டீ கொதித்தது. மூடியைத் திறந்தாள்.

ஆவி கையளவு தடிமனில் எழுந்தது, அவ்வளவு தடித்த ஆவியை அந்த மாசத்தில் நாங்கள் பார்த்ததில்லை. வளைந்து அடுக்களை வாசலுக்கு வந்தது, ரென்சியின் நெற்றிக்கு முன்னால் வந்தது, அவளைத் தொடாமல் தலைக்கு மேலே ஏறி, முன்வாசல் வழியாகத் தெருவுக்குப் போய்விட்டது. பிரியவில்லை, ஒரு இழைகூடப் பிள்ளைக்கென்று நிற்கவில்லை. அது கிழக்கே துறைமுகத்துப் பக்கம், லெயோன் இருக்கிற பக்கமும் திரும்பாமல், மேற்கே ஸ்டேஷன் ரோட்டுக்குத் திரும்பியதும் ரெண்டு வாசல் தள்ளி யாரோ, பம்பாய் வண்டி பிடிக்கப் போகுது என்றார்கள். மெதுவாகத்தான் சொன்னார்கள், ஆனாலும் பிள்ளைக்குக் கேட்டுவிட்டது.

ரென்சி எழுந்தாள். ஆவியின் பின்னாலேயே நடந்தாள், பிறகு ஓடினாள். சாமியார் சொன்னது எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது, அவளைத் தடுக்க ஒருத்தருக்கும் மனசு வரவில்லை. டெல்பின் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு, ஈரக்கையோடு, இடது காலில் தன் செருப்பும் வலது காலில் லெயோனின் செருப்புமாக ஓடி வந்தாள். நான் இஞ்ஞாசி அக்காவிடம் அண்டாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவள் பின்னால் போனேன். பாவசங்கீர்த்தனத்தில் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.

ஆவி ஸ்டேஷன் வாசலில் நிற்கவில்லை. ரயில்வே கேட்டைத் தாண்டியது, உப்புக் குடோனைச் சுற்றியது, கல்லறைத் தோட்டத்தின் இரும்புக் கதவுக் கம்பிகளுக்கு நடுவே நுழைந்தது, நாலாவது வரிசையில் மூன்றாவது கல்லறைக்குப் போய், சிலுவையை ஒரு சுற்றுச் சுற்றி, மெர்சலினின் பெயர் வெட்டின கல்லின் மேல் இறங்கிப் படிந்தது. கல் வியர்த்தது. அந்த எழுத்துகளில் நீர் கோத்து நின்றது.

ரென்சி கல்லறைக்கு முன்னால் மூச்சு வாங்க நின்றாள். டெல்பின் வந்து சேர்ந்தவள் பக்கத்தில் போகவில்லை, ஒரு கல்லறை தள்ளியே நின்றுவிட்டாள். பிள்ளை திரும்பாமலே கேட்டாள். ஏன் இங்கே வந்தது என்று கேட்டாள்.

"நான் அவுகளத்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள் டெல்பின். "தண்ணி வச்சதுலருந்து அவுகட்டதான் கேட்டுக்கிட்டு இருந்தேன். ஒம்பிள்ளைக்கு எப்படிப் போட்டா பிடிக்கும், நீ எப்படிப் போட்ட, ஒரு தடவ சொல்லிக்குடுன்னு. வேற யாருட்ட போய்க் கேப்பேன், சொல்லு?"

உப்புக் குடோனில் லாரி பின்னால் வருகிற சத்தம் கேட்டது. பிறகு ரென்சி அழ ஆரம்பித்தாள், அம்மா செத்த அன்றைக்குக்கூட அந்தப் பிள்ளை அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

"அன்னைக்கு நீங்க கருப்பட்டியப் போடும்போது நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். திரிஞ்சிரும்னு எனக்குத் தெரியும். வேணும்னேதான் சொல்லல."

"எனக்கும் தெரியும்" என்றாள் டெல்பின். "ஒன் மூஞ்சியப் பாத்தேனே."

அவ்வளவுதான் பேச்சு. பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே பார்த்தாள், டெல்பினின் காலில் கிடந்த ஜோடி மாறின செருப்பைப் பார்த்தாள், தன்னுடையதில் ஒன்றைக் கழற்றி வலது காலுக்கு நேரே தள்ளிவிட்டாள். அது டெல்பினுக்குப் பாதிக் காலுக்குக்கூடப் போதாது. போட்டுக்கொண்டாள், குதிகால் மண்ணில் தேய விந்தி விந்தித் தெருவரைக்கும் நடந்தாள். நான் லெயோனின் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தேன், ஒவ்வொரு வாசலிலும் நின்றவர்கள் உள்ளே போய்விட்டார்கள்.

ஆவி எப்போது நின்றது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல எனக்கு மனசு இருக்காது. ஜனவரி ஆறாம் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாளோடு அது நின்றது. அடுத்த நாளிலிருந்து எல்லா வீட்டு ஆவியும் நேரே கூரைக்குப் போனது, ஒரு வாரம் நாங்கள் பழக்கதோஷத்தில் குனிந்துகொண்டே தெருவில் நடந்தோம். பர்னபாஸ் அந்த இரண்டு செங்கல்லைத் திரும்ப வைக்கவில்லை.

இனி கிறிஸ்துமஸ் நாள். பூசை முடிந்து, பிரியாணி முடிந்து, தெரு முழுக்க உண்ட மயக்கத்தில் கிடந்த மத்தியானம் அது. இருபத்தேழில் ரென்சி பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு, இன்றைக்கு டீ நான் போடுகிறேன் என்று சொல்லிவிட்டாள். செய்தி எப்படிப் பரவியதோ, மயக்கம் எல்லோருக்கும் தெளிந்துவிட்டது. பிள்ளையின் ஆவி எங்கே போகும் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை, டெல்பினுக்கும் இல்லை. அவள் முன்வாசல் கதவு இரண்டையும் விரியத் திறந்து வைத்தாள், வழியில் கிடந்த நாற்காலியை நகர்த்தினாள், கொடியில் தொங்கின துணியை எடுத்தாள், ஆவிக்கு ஒரு இடைஞ்சலும் இல்லாமல் பார்த்துக்கொண்டு, அடுக்களைக்குள் வந்து சுவர் மூலையில் ஒதுங்கி நின்றுகொண்டாள். நான் இந்தத் தடவை ஜன்னலிலிருந்து ஒளிந்து பார்க்கவில்லை, கேக் கொடுக்கிற சாக்கில் உள்ளேயே போய் நின்றேன்.

ரென்சி தண்ணீர் வைத்தாள், இஞ்சி தட்டிப் போட்டாள், டெல்பினின் பாட்டிலிலிருந்து ஒன்றரைக் கரண்டி மசாலா போட்டாள், தேயிலை போட்டாள், பால் ஊற்றினாள். பொங்கி வந்ததும் தணித்தாள், மறுபடி பொங்கவிட்டாள். மூடி வைத்து, சிலுவை போட்டு, திறந்தாள்.

ஆவி எழுந்து வாசலைப் பார்த்து வளைந்தது. டெல்பின் கண்ணை மூடிக்கொண்டாள், சிரித்தபடியேதான் மூடினாள், அது போய்ச் சேரட்டும் என்று நிஜமாகவே நினைத்தாள் என்பதை அந்த முகத்தைப் பார்த்த நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். ஆவி போனது, திறந்து வைத்த கதவு வழியாகத் தெருவில் இறங்கி, மேற்கே திரும்பி, கல்லறைத் தோட்டத்துக்கு. நூல் தடிமனில் இன்னொன்று முன்னறையில் உட்கார்ந்திருந்த லெயோனின் சட்டைப் பைக்குப் போனது, அவன் குறை ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது ஒன்று சட்டிக்கு மேலேயே கொஞ்ச நேரம் தயங்கி நின்றது. பிறகு சுவர் மூலைக்குப் போய், கண்ணை மூடி நின்றவளின் முகத்தில், நெற்றியில், இமையில், வாயோரத்தில் படிந்தது. வாசலில் போனதற்கும் இதற்கும் தடிமனில் ஒரு இம்மி வித்தியாசம் இல்லை, நான் பக்கத்தில் நின்று பார்த்தவள்.

டெல்பின் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் போய்விடும் என்று பயந்திருப்பாள். கன்னத்தில் வழிந்தது ஆவியா கண்ணீரா என்று சொல்ல முடியாதபடி முகமெல்லாம் நனைந்து நின்றாள்.

ரென்சி இரண்டு கையிலும் துணியைப் பிடித்துச் சட்டியை இறக்கித் தரையில் வைத்தாள். கொதி அடங்குகிறவரை குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அடங்கியதும், தட்டி வைத்த கருப்பட்டிக் கிண்ணத்தை எடுத்து டெல்பினின் கையில் வைத்தாள்.

"இப்ப போடுங்க" என்றாள்.